அச்சில் ஒன்று, ஆடியோவில் ஒன்று

கார்லீனுக்கு நாவல் எழுதுவதைவிட, நாவலைப் பற்றி நாலு வரி எழுதுவதுதான் பெரும்பாடு. 'அன்புள்ள வாசகர்களே, ஒரு மகிழ்ச்சியான செய்தி' என்று தட்டுவாள். மகிழ்ச்சியை அழிப்பாள். 'ஒரு செய்தி' என்று மட்டும் விட்டால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி இருக்கும். அதையும் அழிப்பாள். கம்ப்யூட்டரை மூடிவிட்டு, துவைத்த துணியை மடிக்கப் போய்விடுவாள்.

செய்தி என்னவோ நல்ல செய்திதான். 'ஒன்பதாம் விளக்கு' என்ற அவளுடைய விண்வெளி நாவல் கடைகளில் கிடைக்காமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அது மறுபடி வரப்போகிறது, அதுவும் மூன்று பதிப்பாக. சாதாரண பேப்பர்பேக், காதால் கேட்கிற ஆடியோ, கண் மங்கியவர்களுக்குப் பெரிய எழுத்து. பேப்பர்பேக்கும் ஆடியோவும் முதலில், பெரிய எழுத்து இரண்டு மாதம் கழித்து. போடுகிறவள் எஸ்கனாபாவில் தன் வீட்டு கராஜையே ஆபீஸாக வைத்துப் பதிப்பகம் நடத்தும் டெஸ் வாண்டர்மோலன். முப்பத்தைந்து வயது. கார்லீனைப் பற்றிப் பேசும்போது குரல் ஒரு படி உயர்ந்துவிடும் அவளுக்கு.

கார்லீனுக்கு அறுபத்திரண்டு. எழுத்தில் ஒருநாளும் சாப்பாடு நடந்ததில்லை. ஹான்காக்கில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். ஏரியிலிருந்து கிளம்பும் பனி நவம்பரில் பிடித்தால் ஏப்ரலில்தான் விடும். அந்த இருட்டில் எழுந்து, கண்ணாடியைச் சுரண்டி, வண்டியைச் சூடாக்கி, தூங்கி வழியும் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போய் இறக்குவாள். சாயங்காலம் அதையே திருப்பிச் செய்வாள். இடுப்பு வலி நாலு வருஷமாக அவளோடு குடித்தனம் நடத்துகிறது.

பஸ் நிற்கிற கொட்டகையில் மெக்கானிக் லைல் அவளை விடுவதாக இல்லை.

"என்ன கார்லீன், புக்கு மறுபடியும் வருதாமே? என் பொண்டாட்டி சொன்னா."

"வருது."

"சினிமா எப்ப?"

"நீ ஹீரோவா நடிக்க ஒத்துக்கிட்டா நாளைக்கே."

"நடிக்கலாம். ஆனா விண்வெளிக்கெல்லாம் என்னால ஆகாது. நான் டெட்ராய்ட்டுக்கே போனதில்ல."

"மொதல்ல என் பஸ்ஸு ஹீட்டரைச் சரி பண்ணு. உள்ள ஏறுனாலே விண்வெளி மாதிரிதான் இருக்கு."

இப்படித்தான் செய்தி ஊருக்குள் பரவியது. கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, டெஸ் மூன்றாம் தடவையாக போன் பண்ணிய பிறகு, கார்லீன் அறிவிப்பை எழுதி முடித்தாள். மூன்று பதிப்பின் விவரம், டெஸ் அனுப்பிய அட்டைப் படம், 'ஆதரவுக்கு நன்றி' என்று ஒரு வரி. தன் வாசகர் பட்டியலில் இருந்த நானூறு சொச்சம் பேருக்கு அனுப்பிவிட்டு, ஒரு பாக்கெட் சூப்பைக் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

புத்தகப் பெட்டி இரண்டு வந்து இறங்கியது. துவைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளி வைத்தாள். திறக்கவில்லை. இளவயதில் தன் முதல் கதை அச்சான பத்திரிகைக் கட்டு வந்தபோது வாசலிலேயே உட்கார்ந்து பல்லால் டேப்பைக் கடித்துப் பிரித்தவள்தான். இப்போது மெஷினில் துணி போடும்போதெல்லாம் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சந்திப்பு வைத்தார்கள். இருபது பேர் வந்திருந்தார்கள். இந்தப் பனியில் அது பெரிய கூட்டம்தான். காபி, ஏலக்காய் ரொட்டி, யாரோ கொண்டுவந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி. பாதிப் பேர் முன்கூட்டியே புத்தகத்தை வாங்கிப் படித்திருந்தார்கள். மற்றவர்கள் ஆடியோவில் கேட்டிருந்தார்கள்.

கதை இதுதான். தூரத்து நிலவு ஒன்றில் பனிக்கட்டி வெட்டி எடுக்கப் போகிறது ஒரு சரக்குக் கப்பல். கப்பல் பத்திரமாகப் புறப்பட வேண்டுமானால், நிலவில் வழிகாட்டும் விளக்கை எரிய வைக்க ஒருவன் பின்தங்க வேண்டும். ஓடெல் என்ற பொறியாளன் தங்குகிறான். திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கப்பல் போகிறது.

பனி தள்ளும் லாரி ஓட்டும் வெஸ்தான் முதலில் பேசினான். ஆள் ஆஜானுபாகு. கையில் காபிக் கோப்பை பொம்மைக் கோப்பை மாதிரி இருந்தது.

"எனக்குப் படிக்கிற பழக்கமெல்லாம் கெடையாது. லாரியில கேட்டேன். பாவங்க அந்த ஓடெல். திரும்பிப் போக வேணாம்னு ஓட்டுப் போட்டுல்ல ஒரு மனுசன விட்டுட்டுப் போறானுங்க! நானா இருந்தா அந்தக் கேப்டன் கழுத்தப் புடிச்சிருப்பேன். கடைசி வரியக் கேட்டுட்டு, வண்டிய ஓரங்கட்டிட்டு சும்மா உக்காந்திருந்தேன்."

"எங்க விட்டுட்டுப் போனாங்க?" என்றாள் இர்மா. ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். "கப்பல்தான் திரும்பி வருதே. கதவு தெறக்குது, அவன் நிக்கிறான், எல்லாரும் கட்டிப் புடிச்சு அழறாங்க. நீ பாதியில தூங்கிட்ட வெஸ்."

"வண்டி ஓட்டிக்கிட்டே தூங்குறதா? நான் தூங்கியிருந்தா உங்க வாசல்ல ஆளுயரத்துக்குப் பனி நிக்கும் டீச்சர்."

"போன வாரம் நின்னுச்சே."

எல்லாரும் சிரித்தார்கள். வெஸ் விடவில்லை. "கப்பல் திரும்பல. விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்குன்னு முடியுது. சத்தியமா."

"அன்னிக்கும் இப்படித்தான், தப்பா ஒரு விடைய எழுதிட்டு சத்தியம் பண்ணுவ."

பின் வரிசையிலிருந்து ஒருவர், "வெஸ் சொல்றது சரி, நானும் கேட்டேன்" என்றார். இன்னொருத்தி, "இல்லையே, நான் நேத்துதான் படிச்சு முடிச்சேன், கப்பல் வருது" என்றாள். கொஞ்ச நேரத்தில் அறை இரண்டாகப் பிரிந்தது. கேட்டவர்கள் எல்லாரும் ஒரு பக்கம், படித்தவர்கள் எல்லாரும் ஒரு பக்கம். பிறகு ஒவ்வொருவராகக் கார்லீன் பக்கம் திரும்பினார்கள்.

கார்லீன் இர்மாவின் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கங்களைத் திறந்தாள். நின்றபடியே படித்தாள். இரண்டாவது பக்கம் திருப்பியதும் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"தப்பா அச்சடிச்சுட்டாங்களா?" என்று இர்மா மெல்லக் கேட்டாள்.

"இல்ல. இது நான் எழுதுனதுதான்."

"அப்ப ஆடியோவுல இருக்கிறது?" என்றான் வெஸ்.

"அதுவும் நான் எழுதுனதுதான்."

முதல் பிரதியும் திருத்திய பிரதியும் கலந்துவிட்டன போலிருக்கிறது, பதிப்பாளரிடம் கேட்கிறேன் என்றாள். கையெழுத்துப் போட்டாள். மிச்சமான ரொட்டியை அவள் கையில் கட்டிக் கொடுத்தார்கள்.

காருக்குள் உட்கார்ந்து டெஸ்ஸைக் கூப்பிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்த சத்தம்.

"இருங்க, இருங்க. எடுத்துப் பாக்குறேன்." பக்கம் புரளும் ஓசை. "அய்யோ கடவுளே. கார்லீன், அய்யோ."

"பதறாத."

"உங்க வீட்டு பேஸ்மென்ட்லேருந்து ரெண்டு கட்டு தட்டச்சுப் பிரதி குடுத்தீங்கல்ல, ரெண்டுலயும் ஒரே முதல் பக்கம். நான் ஒண்ண எடுத்து ஸ்கேன் பண்ணக் குடுத்தேன். ஆடியோக்காரங்க பழைய புத்தகத்த வாங்கி அதப் பாத்துப் படிச்சாங்க. ஆனா புரூஃப் உங்களுக்கு அனுப்பினேனே? நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டீங்களே?"

"கடைசி அத்தியாயத்தப் படிக்கல."

"ஏன்?"

"நீ படிச்சியா?"

டெஸ் விசும்பினாள். "எனக்கு அது மனப்பாடம், கார்லீன். மனப்பாடமா இருக்கிறத என்னத்தப் பாக்குறதுன்னு விட்டுட்டேன். நான் எல்லாத்தையும் திரும்ப வாங்கிடறேன். கூழாக்கிட்டு வேற அடிச்சுடலாம்."

"அடுத்த வாரம் பேசுவோம். இப்ப எனக்கு ஒண்ணும் ஓடல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெட்டியைப் பிரித்து, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு சமையலறை மேஜையில் உட்கார்ந்தாள். கடைசி அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படித்தாள். முப்பத்து மூன்று வயதில் எழுதியது. எழுதும்போது அவள் கணவன் டேல் உயிரோடு இருந்தான். ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பலில் வேலை பார்த்தவன். வாரக்கணக்கில் போவான், வருவான், வந்ததும் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்தபடி தூங்குவான்.

அத்தியாயம் நன்றாக இல்லை. கார்லீனுக்கு அது பளிச்சென்று தெரிந்தது. ஆளாளுக்கு நீளமாகப் பேசினார்கள். ஒரே பக்கத்தில் மூன்று தடவை கண்ணீர். முதல் பதிப்பைப் போட்ட எடிட்டர் அன்று சொன்னது சரிதான், சர்க்கரை தூக்கல். ஆனால் நடுவில் ஓர் இடம் இருந்தது. மீட்க வந்த மாலுமி கனமான உடையோடு கதவுக்குள் நுழைகிறான். பல வருஷம் மனித முகமே பார்க்காத ஓடெல் அவனிடம் சொல்லும் முதல் வார்த்தை, 'காலை உதறிட்டு உள்ள வா, இப்பத்தான் தரையத் துடைச்சேன்.'

அது டேல் வீட்டுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் கார்லீன் போட்ட சத்தம். அப்படியே எடுத்து எழுதியிருக்கிறாள். அதை எழுதினோம் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆறிப்போன காபியைச் சுட வைத்தாள். பிறகு அதைக் குடிக்கவும் மறந்தாள்.

மத்தியானம் வாசலில் கார் நின்றது. அடுத்த வாரம் வரை பொறுக்க முடியாமல் டெஸ் பனியில் மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு ஆப்பிள் கேக்.

"நீங்க என்னத் திட்டணும். திட்டிடுங்க, அப்பத்தான் எனக்கு நிம்மதி."

"மொதல்ல உள்ள வா. வாசல்ல நின்னு ஊரைச் சூடாக்காத."

கார்லீன் மீனை மாவில் புரட்டிப் பொரித்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை டெஸ் கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எத்தனை பிரதி கடைக்குப் போயிருக்கிறது, எத்தனை திரும்ப வரும், எந்த வங்கியில் கடன் கேட்கலாம். கார்லீன் தட்டுகளை எடுத்தாள்.

"கூழாக்க வேணாம், டெஸ்."

"அப்ப அந்தத் தப்பான முடிவு?"

"தப்பில்ல அது. கொஞ்சம் அசட்டுத்தனமா இருக்கு, அவ்வளவுதான்."

டெஸ் கொஞ்சம் தயங்கினாள். "ஒண்ணு கேக்கலாமா? ஏன் மாத்துனீங்க? இத்தனை நேர்காணல் படிச்சிருக்கேன். எதுலயும் நீங்க சொன்னதில்ல."

கார்லீன் குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள். யாரிடமும் சொல்லக் கூடாதென்று அவள் வைத்திருக்கவில்லை. யாரும் சரியான நேரத்தில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"எடிட்டர் ஆரம்பத்துலேருந்தே கப்பல் திரும்பக் கூடாதுன்னாரு. நான் மாட்டேன்னு மல்லுக்கு நின்னேன். அவன் வந்தே ஆகணும்னேன். சண்டை மாசக்கணக்கா இழுத்துச்சு. அந்த நவம்பர்ல, டொலீடோ துறைமுகத்துல சரக்கு எறக்கும்போது டேல் சரக்குக் கிடங்குக்குள்ள விழுந்துட்டான். அங்கேயே போயிட்டான். கப்பல் சொன்ன தேதிக்குச் சரியா திரும்பி வந்துச்சு. அவன் பையி வந்துச்சு. மாத்துச் செருப்பு வந்துச்சு."

கார்லீன் துண்டை மடித்துக் கம்பியில் போட்டாள்.

"சவ அடக்கம் முடிஞ்சு ஒரு வாரத்துல எடிட்டர் கேட்டபடி மாத்தி அனுப்பிட்டேன். துணிச்சலான முடிவுன்னு பத்திரிகையில எழுதினாங்க. துணிச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. திரும்பி வர்ற ஆள எப்படி எழுதுறதுன்னு எனக்கு மறந்து போச்சு. அதுக்கப்புறம் ரெண்டையுமே நான் படிக்கல."

"நான் பத்தொம்போது வயசுல அந்த முடிவப் படிச்சுட்டுத்தான் பதிப்பாளரா ஆகணும்னு நெனச்சேன்" என்றாள் டெஸ். "எனக்குத் தெரியாது, கார்லீன். நான் அத எவ்வளவு பேருக்கு அழகா இருக்குன்னு சொல்லியிருக்கேன்."

"அழகாத்தான் இருக்கு. அதுக்கென்ன."

இரண்டு பேரும் கேக்கை வெட்டிச் சாப்பிட்டார்கள். வெளியே பனி பிடித்துக்கொண்டது. டெஸ் கடைசியில் கேட்க வேண்டியதைக் கேட்டாள். பெரிய எழுத்துப் பதிப்பு இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதில் எந்த முடிவைப் போடுவது?

"நீதானே பதிப்பாளர். நீயே முடிவு பண்ணு."

"அது எப்படிங்க? உங்க புத்தகம்."

"நான் ரெண்டையும் எழுதிட்டேன். என் வேலை முடிஞ்சுது. இதுல எது சரின்னு சண்டை போட எனக்குத் தெம்பில்ல, டெஸ். நெஜமாவே இல்ல."

டெஸ்ஸுக்கு அது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. தான் வணங்குகிற எழுத்தாளர் மேஜையைத் தட்டி ஒன்றைச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள் போல. வெகுநேரம் கேக்கின் துணுக்குகளை முள்கரண்டியால் நகர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப எனக்குத் தெரிஞ்சதையே போடறேன். விளக்கு எரியறது" என்றாள். கார்லீன் தலையை ஆட்டினாள். அந்தப் பனியில் ஓட்ட வேண்டாமென்று டெஸ்ஸை சோஃபாவில் படுக்கச் சொல்லி இரண்டு கம்பளியைக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம், இரண்டு ஓட்டத்துக்கு நடுவில், கார்லீன் பஸ்ஸிலேயே உட்கார்ந்து போனில் இரண்டாவது அறிவிப்பை எழுதினாள். இந்தத் தடவை எதையும் அழிக்கவில்லை.

'போன அறிவிப்பில் ஒரு விஷயம் விட்டுப் போயிற்று. பேப்பர்பேக்கில் கப்பல் திரும்பி வருகிறது. ஆடியோவில் வராது. வரப்போகும் பெரிய எழுத்திலும் வராது. எங்கள் கவனக்குறைவால் நேர்ந்தது. ஆனால் இரண்டும் நான் எழுதியவை. முதலாவதை எழுதியபோது என் கணவர் இருந்தார். இரண்டாவதை எழுதியபோது இல்லை. புத்தகம் வேண்டாம் என்பவர்கள் திருப்பி அனுப்பலாம், பதிப்பகம் பணத்தைத் தந்துவிடும். கார்லீன்.'

பதில்கள் குவிந்தன. ஒருவன் இது விற்பனைத் தந்திரம் என்று திட்டினான். உண்மையான ஓடெல் செத்தானா இல்லையா, இப்போதே சொல்லியாக வேண்டும் என்று ஒருவர் வக்கீல் மாதிரி எழுதினார். புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் சிலர் எழுதினார்கள். அவர்கள் நாவலைப் பற்றி அதிகம் பேசவில்லை. அவற்றுக்கு மட்டும் கார்லீன் ஒவ்வொன்றாகப் பதில் போட்டாள், ஒருநாளைக்கு ஒன்று வீதம். திரும்பி வந்த பிரதிகள் கைவிரலில் எண்ணும் அளவுதான். கடைகளில் இருந்தவை விற்றுத் தீர்ந்தன. டெஸ் சந்தோஷத்தில் கத்தினாள். கார்லீன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நல்லது, நல்லது என்றாள்.

மார்ச்சில் ஒருநாள் பெட்ரோல் பங்கில் பஸ்ஸுக்கு டீசல் போடும்போது வெஸ்ஸைப் பார்த்தாள். அவனும் தன் லாரிக்குப் போட்டுக்கொண்டிருந்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு வந்தான்.

"இர்மா டீச்சர்கிட்ட புக்கக் கடன் வாங்கிட்டேங்க. கடைசி அத்தியாயம் மட்டும் படிச்சேன்."

"எப்படி இருந்துச்சு?"

அவன் மழுப்பத் தெரியாதவன். தாடையைச் சொறிந்தான். "உண்மையச் சொல்லணும்னா, கொஞ்சம் ஜாஸ்தியா அழறாங்க. எனக்கு ஆடியோவுல உள்ளதுதான் கதை மாதிரி இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் படுது, வெஸ்."

"ஆனா ரெண்டு தடவ படிச்சேன்" என்றான் அவன், என்னவோ அதற்காக மன்னிப்புக் கேட்பது மாதிரி. "அவன் காலை உதறச் சொல்ற எடத்துல சிரிப்பு வந்துருச்சு. எங்க வீட்லயும் அதான் பாட்டு."

கார்லீன் சிரித்தாள். பஸ்ஸின் டேங்க் நிரம்பி மெஷின் டக்கென்று நின்றது. மூடியைத் திருகி மாட்டினாள். அவளுடைய சாயங்கால ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது. வெஸ் தன் லாரியில் ஏறி, பள்ளிக்கூடப் பாதையில் பனியை முதலில் தள்ளிவிடுகிறேன், பின்னாலேயே மெதுவா வாங்க என்று கையைக் காட்டினான். அவள் அவன் பின்னாலேயே போனாள்.